பிலிப்பைன்ஸில் சாப்பாட்டுக்காக ஒரே ஒரு ஊர் போவதென்றால் எது?

பிலிப்பைன்ஸ் சாப்பாட்டைப் பற்றி நம்மவர்கள் குறை சொல்வது பெரும்பாலும் மணிலாவோடு திரும்பி வந்த பிறகுதான். "எல்லாம் இனிப்பு, எல்லாம் எண்ணெய், காரமே இல்லை" என்பார்கள். மணிலாவின் மால்களில் அடோபோ எனும் வினிகர்க் குழம்பு, சினிகாங் எனும் புளிக் குழம்பு, காரே-காரே எனும் நிலக்கடலைக் குழம்பு மூன்றையும் சாப்பிட்டிருப்பார்கள். அங்கே கிடைப்பது பல வட்டாரங்களின் சமையலை எல்லோருக்கும் ஒத்துப்போகும்படி தணித்த வடிவம். ஊருக்கு ஊர் புளிப்புக்கு எதைப் போடுகிறார்கள், உப்புக்கு எந்தக் கருவாட்டு விழுதைக் கரைக்கிறார்கள், எந்தக் காடியில் (வினிகரில்) தொட்டுச் சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அங்கே தெரியவே தெரியாது.

2025 ஜூன் 8 முதல் இந்தியர்கள் சுற்றுலாவுக்கு 14 நாள் விசா இல்லாமல் தங்கலாம். அதை நீட்டிக்க முடியாது. நாடு 7,600க்கும் மேற்பட்ட தீவுகள். ஆகவே எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க நினைத்தால் பாதி நேரம் விமான நிலையத்திலும் படகுத் துறையிலும் போய்விடும். மணிலாவுக்கு ஒரு நாள், ஒரே ஒரு வட்டாரத்துக்கு மூன்று நான்கு நாள் என்று வைத்துக்கொண்டால் வயிறும் தாங்கும், நாக்குக்கும் பழகும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நான்கு நாள் இருந்தால் இலோய்லோ, கூடவே படகில் பாகோலோட். ஒரே நாள்தான் என்றால் பம்பாங்காவின் ஏஞ்சலஸ் நகரம். காரமும் தேங்காய்ப்பாலும் இல்லாமல் சாப்பாடு இறங்காது என்றால் பிகோல். பன்றி வறுவல் ஒன்றுக்காகவே போகிறவர்களுக்கு செபு. காய்கறி முக்கியம் என்பவர்களுக்கு இலோகோஸ். காரணங்கள் கீழே.

ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன்

பன்றி இறைச்சி சாப்பிடுவீர்களா? மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு கேள்விதான் ஊரைத் தீர்மானிக்கும். ஏஞ்சலஸும் செபுவும் பெயர் பெற்றதே பன்றியால். சாப்பிடாதவர்கள் அந்த இரண்டு ஊர்களுக்கும் சாப்பாட்டுக்காகப் போவது வீண். இலோய்லோ–பாகோலோட் பக்கம் கோழியும் மீனும் சிப்பியும் தனித்தே பேர் வாங்கியவை. அங்கே பன்றி இல்லாமலும் நான்கு நாளை நிறைவாக ஓட்டலாம்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். புலாலோ மாட்டுக் கால் எலும்பு சூப். காரே-காரே மாட்டு வாலை நிலக்கடலைக் குழம்பில் வேகவைப்பது. பாகோலோடின் கான்சி, புளிப்பான மாட்டு எலும்புக் குழம்பு. மெனுவில் இவற்றுக்கு விளக்கம் எழுதியிருக்காது.

சைவர்களுக்கு இது கடினமான நாடு என்பதை மறைப்பதில் பயனில்லை. காய்கறிக் கூட்டு போலத் தெரியும் எதிலும் பகோங் எனும் மீன் அல்லது இறால் விழுது கரைந்திருக்கும். அது இல்லாவிட்டால் பதிஸ் எனும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். பாசிப்பயற்றுக் குழம்பான முங்கோவில்கூட மேலே பொரித்த பன்றித் தோலையோ புகையூட்டிய மீனையோ தூவுவது வழக்கம். "சைவம்" என்ற பொருளில் கேட்டால் இறைச்சித் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள், விழுது அப்படியே இருக்கும். அதனால் பெயர் சொல்லியே கேட்க வேண்டும்: "வலாங் பாபோய், வலாங் பகோங், வலாங் பதிஸ்". பன்றி வேண்டாம், விழுது வேண்டாம், மீன் சாறு வேண்டாம் என்பதுதான் அது. சமைத்து வைத்துவிட்ட பாத்திரத்திலிருந்து இவற்றை யாராலும் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே சொன்னபின் சமைத்துத் தரும் கடையில்தான் கேட்டுப் பயன்.

சந்தேகமின்றிச் சாப்பிடக்கூடியவையும் உண்டு. காலையில் தெருவில் கூவி விற்கும் தாஹோ: சூடான மென்மையான சோயா தயிர், வெல்லப்பாகு, ஜவ்வரிசி. ஓலையில் கட்டி வேகவைத்த சுமான், வாழைப்பழத்தைச் சர்க்கரையோடு பொரித்த பனானா கியூ, மாவுத்தாளில் சுற்றிப் பொரித்த துரோன். இவை எல்லா ஊரிலும் கிடைக்கும்.

ஹலால் வேண்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கோழிக்கடை என்பதால் ஹலால் என்று ஆகிவிடாது. மணிலாவில் கியாப்போ பகுதியில் தங்க மசூதியைச் சுற்றியுள்ள தெருக்களில் மரனாவோ மக்களின் ஹலால் கடைகள் உள்ளன. அங்கே பாலாபா என்ற தொகையலைக் கேட்டு வாங்குங்கள்: சின்ன வெங்காயத் தாள் வகை ஒன்றையும் இஞ்சியையும் மிளகாயையும் இடித்து, வறுத்த தேங்காயோடு சேர்த்தது. நம் நாக்குக்கு மணிலாவிலேயே மிக நெருக்கமான சுவை அதுதான். மற்ற வட்டாரங்களில் தங்கும் நாட்களில் மீன் கடைகளை நம்புவதே நல்லது.

இலோய்லோ

2023இல் யுனெஸ்கோ இலோய்லோவை உணவுக்கலைக்கான படைப்பு நகரமாக அறிவித்தது. பிலிப்பைன்ஸில் அந்தப் பட்டியலில் சேர்ந்த முதல் நகரம் இதுதான். அந்தப் பட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் முடிவு மாறியிருக்காது. ஒரு நகரத்துக்குள்ளேயே லா பாஸுக்கு ஒரு சூப், மோலோவுக்கு ஒரு சூப், அரெவாலோ கடற்கரைக்குக் கோழியும் சிப்பியும் என்று பேட்டைக்குப் பேட்டை சமையல் மாறும் ஊர் இது. ஜீப்னி எனும் சிற்றுந்தில் ஏறினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

லா பாஸ் சந்தையில் பிறந்தது பச்சோய் எனும் நூடுல்ஸ் சூப். தேகோஸ் கடை 1938ஐயும் டெட்ஸ் கடை 1945ஐயும் தங்கள் தொடக்கமாகச் சொல்கின்றன. யார் முதல் என்ற வாதம் ஊருக்குள் இன்னும் தீரவில்லை. சந்தையில் நெத்தோங்ஸ் கடையில் உட்கார்ந்தால் கிண்ணம் தயாராவதை எதிரிலேயே பார்க்கலாம். மிகி எனும் முட்டை நூடுல்ஸைக் கொதிக்கும் சாற்றில் ஒரு முக்கு முக்கிக் கிண்ணத்தில் போடுகிறார்கள். அதன்மேல் மெல்லியதாக நறுக்கிய பன்றி இறைச்சி, ஈரல், சிறுநீரகம். பிறகு நொறுக்கிய சிச்சரோன் எனும் பொரித்த பன்றித் தோல், பொரித்த பூண்டு, வெங்காயத் தாள். கடைசியில் ஒரு கரண்டி எலும்பு மஜ்ஜை. அதன்மேல் கொதிக்கக் கொதிக்கச் சாறு. சாற்றின் ஆழமான உப்புச் சுவை கினாமோஸ் எனும் இறால் விழுதிலிருந்து வருவது.

பச்சோயைக் கெடுப்பது நேரம்தான். படம் எடுத்து, பேசி, ஆறவிட்டால் நூடுல்ஸ் சாற்றைக் குடித்து ஊதிவிடும்; சிச்சரோன் மெத்தென்று ஆகிவிடும்; மஜ்ஜையின் கொழுப்பு மேலே படிந்து உறையத் தொடங்கும். வந்த உடனே குடிக்க வேண்டியது இது. சாறு தீர்ந்தால் மறுபடி ஊற்றித் தருவது வழக்கம், தயங்காமல் கேட்கலாம். உள்ளூர்க்காரர்கள் கூடவே புட்டோ எனும் அரிசி ஆப்பத் துண்டையோ பான் தே சால் ரொட்டியையோ சாற்றில் தோய்த்துத் தின்பார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் முன்பே கேட்டுவிட வேண்டும்: மஜ்ஜைக்கும் சாற்றுக்கும் மாட்டெலும்பு சேர்க்கும் கடைகள் உண்டு. பச்சோய் முடித்தபின் அதே சந்தையின் மேட்ஜ் கஃபேயில் ஒரு காபி.

பச்சோய்க்குப் பேர் அதிகம். ஆனால் இலோய்லோவின் அருமையான உணவு எது என்று கேட்டால் நாங்கள் சொல்வது கே.பி.எல். காட்யோஸ், பாபோய், லாங்கா என்ற மூன்று சொற்களின் சுருக்கம். துவரை, பன்றி, பலாப்பிஞ்சு. நாம் பருப்பாக உடைத்துச் சாம்பாருக்குப் போடும் அதே துவரையை இங்கே தோலோடு முழுதாக, கரிய நிற வகையாகப் பார்த்துச் சேர்க்கிறார்கள். அதனால் குழம்பே கருஞ்சிவப்பாக இருக்கும். புளிப்புக்குப் பத்துவான் என்ற சிறிய பச்சைக் காய். நம் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்த மரம் அது. ஆனால் குடம்புளியின் புகை வாசம் இல்லாமல், தெளிவான, கனிந்த புளிப்பு. புளியங்காய் போட்ட மணிலா சினிகாங்கையும் பத்துவான் போட்ட குழம்பையும் அடுத்தடுத்த நாட்களில் சாப்பிட்டுப் பாருங்கள். பத்துவான் குழம்பு தொண்டையைப் பிடிக்காது, இரண்டாவது தட்டுச் சோறு தானாக இறங்கும். மேசை விரிப்புப் போட்ட உணவகங்களைவிட, மதியம் மட்டும் திறந்திருக்கும் சிறு சாப்பாட்டுக் கடைகளில் இது நன்றாக இருக்கும். பெரிய பானையில் நீண்ட நேரம் வெந்தால்தான் துவரை மசியாமல் மெத்தென்று ஆகும்.

பன்றி தவிர்ப்பவர்களுக்கு இங்கே இரண்டு கோழிக் குழம்புகள். பினாகோல்: நாட்டுக்கோழியை இளநீரிலும் வழுக்கையிலும் எலுமிச்சைப்புல்லோடு வேகவைத்தது. தினுவோம்: கோழியை வெங்காயம், தக்காளி, எலுமிச்சைப்புல்லோடு வாழையிலையில் பொட்டலம் கட்டி வேகவைப்பது, பக்கத்திலுள்ள கபாத்துவான் ஊரின் பண்டம். இரண்டிலும் காரம் கிடையாது. மிளகாயையும் கலமன்சி எனும் குட்டி எலுமிச்சையையும் தனியாகக் கேட்டு, தொட்டுக்கொள்ளும் கிண்ணத்தில் நசுக்கிக்கொள்ள வேண்டும். சாற்றில் நேரே பிழிந்தால் இளநீரின் இனிப்பு அடிபட்டுவிடும்.

மோலோ பேட்டையின் பான்சித் மோலோ, பெயரில் நூடுல்ஸ் இருந்தாலும் கிண்ணத்தில் இருக்காது. பன்றியும் இறாலும் வைத்த மாவுக் கொழுக்கட்டைச் சூப் அது. மாலை நாலு மணிக்கு ஏற்றது, மதியச் சாப்பாட்டுக்குப் போதாது.

ஏப்ரல், மே மாதங்களில் போனால் எதிரே தெரியும் கிமாராஸ் தீவுக்கு ஒரு எட்டு போய்வாருங்கள். இயந்திரப் படகில் கால் மணி நேரம். நாட்டின் மிக இனிப்பான மாம்பழம் என்று பிலிப்பினோக்களே ஒப்புக்கொள்வது அந்தத் தீவின் பழத்தைத்தான். நார் கிடையாது, புளிப்பு கொஞ்சமும் கிடையாது. ஓலையில் கட்டிய ஒட்டரிசிச் சாதமான இபோஸோடு சேர்த்துத் தின்பது வழக்கம். ஜனவரி நான்காம் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி தினாக்யாங் திருவிழா. அந்த வாரம் அறை கிடைப்பது அரிது, கடைகளிலும் நிற்க இடமிருக்காது. சாப்பாட்டுக்காகப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

பாகோலோட்

இலோய்லோவிலிருந்து வேகப்படகில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். இங்கே போவது இனாசலுக்கு. கோழியைக் கலமன்சி, தேங்காய்க் காடி, இஞ்சி, பூண்டு, எலுமிச்சைப்புல் சேர்த்து ஊறவைத்து, மூங்கில் குச்சியில் குத்திக் கரியடுப்பில் சுடுகிறார்கள். சுடும்போது அச்சுவேத்தே என்ற சிவப்பு விதையைக் காய்ச்சிய எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவுகிறார்கள். அந்த ஆரஞ்சு நிறம் மிளகாயால் வருவது என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

ஆர்டர் செய்வது உறுப்பின் பெயரால். பாஆ என்றால் காலும் தொடையும், பெச்சோ என்றால் நெஞ்சு, பக்பாக் இறக்கை, அதாய் ஈரல், பாத்திகோலோன் கல்லீரல் அல்ல, இரைப்பை. இசோல் கோழியின் வால்முனை, முழுக்கக் கொழுப்பு. முதல் முறை போகிறவர்கள் பாஆவும் ஒரு குச்சி இசோலும் கேட்கட்டும். நெஞ்சு மட்டும் கேட்டால், காடியில் ஊறிய இறைச்சி கரியில் வறண்டு நார்நாராக வரும் வாய்ப்பு அதிகம். மேசையில் ஒரு சிவப்பு எண்ணெய்க் குப்பி இருக்கும். கோழிக் கொழுப்பையும் அச்சுவேத்தேயையும் காய்ச்சியது அது. சோற்றின்மேல் ஊற்றிப் பிசைவதற்கு. பக்கத்துக் குப்பி சினாமாக்: மிளகாய், பூண்டு, மிளகு, சித்தரத்தை வகைக் கிழங்கு ஊறிய காடி. சோற்றுக்குச் சிவப்பு, கோழிக்குச் சினாமாக் என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும். கையால் பிசைந்து சாப்பிடுவதை இங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இனாசல் கடைகள் வரிசையாக இருந்த மனோகான் கன்ட்ரியின் பழைய இடம் மறுகட்டுமானத்துக்கு உள்ளானது. போகும் முன் விடுதியில் கடைகளின் இப்போதைய இடத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாகோலோட் இருக்கும் நெக்ரோஸ் கரும்புத் தீவு. அதனால் இனிப்பும் இங்கேதான். பக்கத்து சிலாய் நகரத்தில் 1920இல் தொடங்கிய எல் இதயால் ரொட்டிக்கடையும், தென்னங்குருத்து வைத்துச் சுருட்டிய லும்பியாவும் இருக்கின்றன. நாட்டுச்சர்க்கரைப் பூரணம் வைத்துத் தட்டிக் கல்லில் சுடும் பியாயா வீட்டுக்கு வாங்கிவர ஏற்றது. கெட்டுப்போகாது, பெட்டியில் நொறுங்காது. பாகோலோடின் விமான நிலையம் சிலாயில்தான் இருக்கிறது என்பதால், கிளம்பும் நாளில் போகிற வழியிலேயே சிலாயில் இறங்கிக்கொள்ளலாம்.

ஏஞ்சலஸ்: ஒரே நாள் இருந்தால்

மணிலாவிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். கூபாவோ, பாசாய் பேருந்து நிலையங்களிலிருந்து தாவு என்ற நிறுத்தத்துக்கு நாள் முழுக்க வண்டி உண்டு. கிளார்க் விமான நிலையத்திலேயே வந்து இறங்கினால் மணிலா நெரிசலைப் பார்க்காமலே தப்பிக்கலாம்.

இங்கே சிசிக். 1974இல் ரயில் பாதை ஓரக் கடையில் அலிங் லூசிங் என்று அழைக்கப்பட்ட லூசியா குனானன் இன்றைய வடிவத்தைப் பிரபலமாக்கினார். அமெரிக்கப் படைத்தளமான கிளார்க்கில் பயன்படுத்தாமல் விடப்பட்ட பன்றித் தலைகள் மலிவாகக் கிடைத்ததுதான் தொடக்கம். காதையும் கன்னத்தையும் முதலில் வேகவைத்து, பிறகு கரியில் சுட்டு, அதன்பின் பொடியாக வெட்டி வெங்காயம், கோழி ஈரல், கலமன்சி, மிளகாயோடு கலக்கிறார்கள். இந்த மூன்று படிகளில் நடுவிலுள்ள கரிச்சூட்டை விட்டுவிட்டு எண்ணெயில் பொரித்தால், மொறுமொறுப்பு வரும், புகை வாசம் வராது. மணிலாவில் கிடைப்பது பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். மேலே பச்சை முட்டை, மயோனைஸ் இரண்டும் ஏஞ்சலஸ்காரர்களுக்கு ஆகாது. எங்களுக்கும் அதே கருத்து. மயோனைஸ் சேர்ந்தால் கலமன்சியின் புளிப்பு மங்கி, கொழுப்பின்மேல் கொழுப்பாகிவிடும். காதின் குருத்தெலும்பு பல்லில் நறுக்கென்று கடிபடும். அதைப் பிடிக்காதவர்களுக்குச் சிசிக் எங்கே சாப்பிட்டாலும் பிடிக்காது.

பம்பாங்காவின் மற்றொரு முகம் புரோ. வடித்த சோற்றில் உப்பும் மீனும் அல்லது இறாலும் சேர்த்து மூடி ஒரு வாரம் போலப் புளிக்கவைத்து, பிறகு பூண்டு தக்காளியோடு வதக்குவது. பொரித்த கெளுத்தி, அவித்த கத்திரிக்காய், வெண்டைக்காய், பச்சைக் கடுகிலையோடு தட்டில் வரும். கடுகிலையில் ஒரு துண்டு கெளுத்தியும் ஒரு கரண்டி புரோவும் வைத்துச் சுருட்டி வாயில் போட வேண்டும். தனியாக நக்கிப் பார்த்தால் வாடையே முன்னால் நிற்கும். துணிச்சல் உள்ளவர்களுக்கு வயலில் பிடித்த பிள்ளைப்பூச்சியைக் காடியில் வேகவைத்துப் பின் வறுத்த கமாரு. மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த ஒட்டரிசிச் சாதம் பிரிங்ஹே. எருமைப்பாலில் கிண்டும் திபோக்-திபோக்.

ஒரு நாளில் இவ்வளவும் முடியும் என்பதே ஏஞ்சலஸுக்கான எங்கள் வாதம். இரண்டாவது நாள் தங்கினால் பன்றி சலித்துவிடும்.

பிகோல்: காரம் தேடுபவர்களுக்கு

லெகாஸ்பி, நாகா, நடுவே மாயோன் எரிமலை. மணிலாவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 2021இல் திறந்த புதிய விமான நிலையம் லெகாஸ்பியை ஒட்டிய தராகாவில் உள்ளது. நாட்டின் மற்ற சமையல்கள் மிளகாயைத் தொட்டுக்கொள்ளும் கிண்ணத்தோடு நிறுத்திவிடும். பிகோல் மட்டும் அதைக் காய்கறியாகவே சமைக்கிறது.

லாயிங் என்ற பதார்த்தம் நம் சமையல்காரர்கள் கவனித்துப் பார்க்க வேண்டியது. நிழலில் காயவைத்த சேம்பிலை, தேங்காய்ப்பால், இஞ்சி, பூண்டு, மிளகாய், இறால் விழுது. பன்றியோ கருவாடோ கொஞ்சம். இரண்டாம் பாலில் இஞ்சி பூண்டைக் கொதிக்கவிட்டு, கிழித்த இலையை மேலே பரப்பி, கரண்டியால் அழுத்தி முக்கிவிட்டு அப்படியே விடுகிறார்கள். கிளறுவது கிடையாது. இலை முழுதும் வெந்து சுருண்ட பிறகுதான் கரண்டி போடலாம் என்பது அந்த ஊர் விதி. அரைவேக்காட்டில் கலக்கினால் தொண்டை அரிக்கும் என்பார்கள். அந்த அரிப்புக்குக் காரணம் இலையிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். நீண்ட நேரம் வெந்தால்தான் அவை அடங்கும். கடைசியில் முதல் பால் ஊற்றி, அது திரிந்து எண்ணெய் பிரியும்வரை வற்றவிடுகிறார்கள். நாம் முதல் பால் ஊற்றியதும் அடுப்பை அணைத்துவிடுவோம். இங்கே எண்ணெய் பிரியாவிட்டால் லாயிங் பதமாகவில்லை என்று பொருள். தட்டில் வந்த லாயிங் வெள்ளையாகத் தளதளவென்று இருந்தால் அது அவசரத்தில் செய்தது. கரும்பச்சையாக, ஓரத்தில் எண்ணெய் கசிய இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

இதன் இன்னொரு வடிவத்துக்குப் பெயர் பெற்றது கமாலிக் ஊர். சேம்பிலையைப் பொட்டலமாக மடித்து ஓலையால் கட்டித் தேங்காய்ப்பாலில் மணிக்கணக்கில் வேகவைக்கும் பினாங்காத்.

பிகோல் எக்ஸ்பிரஸ் என்ற பேர் பெற்ற பன்றி–மிளகாய்–தேங்காய்ப்பால் குழம்பு மணிலாவின் மலாத்தே பகுதியில் உருவாகிப் பேர் வாங்கியது. அதை மணிலாவில் கேட்டால் பன்றிக்குள் நாலைந்து மிளகாய் மிதக்கும். பிகோலில் அதன் மூல வடிவமான மிளகாய்க் குழம்பைக் கேட்டால் மிளகாய்க்குள் பன்றியைத் தேட வேண்டும். பன்றி இல்லாமல், கருவாடு மட்டும் போட்டும் செய்கிறார்கள் என்பதால் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு சொல்லியும் பிகோலை முதலிடத்தில் வைக்காததற்குக் காரணம் இரண்டு. தேங்காய்ப்பாலும் விழுதும் எல்லாத் தட்டிலும் திரும்ப வருவதால் மூன்றாம் நாளுக்குள் வேற்றுமை தீர்ந்துவிடுகிறது. அடுத்தது புயல். பசிபிக்கை நேரே பார்த்திருக்கும் வட்டாரம் இது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை விமானம் ரத்தாகி மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு மற்ற ஊர்களைவிட அதிகம். 14 நாள் கணக்கில் வந்தவர்களுக்கு அது பெரிய தலைவலி. மார்ச் முதல் மே வரை என்றால் தயங்க வேண்டியதில்லை. பிலிக் கொட்டையை மட்டும் எந்தப் பருவத்திலும் வாங்கலாம். பாதாமைவிட வெண்ணெய்த்தன்மை கூடியது, சர்க்கரைப் பாகு பூசாத வறுத்த வகையைக் கேளுங்கள்.

செபு

லெச்சோன், அதுவும் கார்கார் சந்தை லெச்சோன். நகரத்திலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். முழுப் பன்றியின் வயிற்றுக்குள் எலுமிச்சைப்புல், பூண்டு, வெங்காயத் தாள் முதலியவற்றை அடைத்துத் தைத்துக் கரியில் சுழற்றுகிறார்கள். உப்பும் வாசமும் உள்ளிருந்தே ஏறிவிடுவதால், மணிலாவில் போல ஈரல் குழம்பு தேவைப்படாது. கிலோ கணக்கில் வெட்டித் தருவார்கள்; இருவருக்கு அரை கிலோ தாராளம். "விலா ஓரம், வயிற்றுப் பக்கம்" என்று கையால் காட்டிக் கேளுங்கள். அடைத்த மசாலா ஒட்டியிருப்பது அங்கேதான். தொடைப்பகுதி சப்பென்று இருக்கும். முற்பகலிலேயே போய்விட வேண்டும். இறைச்சியின் ஈரம் மேலேறித் தோலை மெல்ல ரப்பராக்கிவிடும். மதியம் தாண்டியது, பொட்டலத்தில் கட்டியது இரண்டுமே பாதிச் சுவைதான். கூடவே ஓலைக்கூட்டில் வெந்த புசோ சோறு.

பன்றி தவிர்த்தால் செபுவில் மிஞ்சுவது மீன்: சுடுவது, சூப் வைப்பது, காடியில் பச்சையாக ஊறவைப்பது என்ற மூன்று முறையையும் ஒரே கடையில் தரும் சுதுகில். தபோவான் சந்தையில் ஓரா மீனைப் பிளந்து காயவைத்த டாங்கிட் கருவாடு கிடைக்கும். போகும்போது நல்ல சட்டை போடாதீர்கள், வாடை துணியில் ஏறினால் லேசில் போகாது. காலைக்கு, ஒட்டரிசிச் சாதம் புட்டோ மாயாவும் கட்டியான சிக்வாத்தே சாக்லேட்டும் ஒரு கீற்று மாம்பழமும். செபுவில் எங்களுக்கு மிகப் பிடித்த சாப்பாடு, லெச்சோனைவிடவும், அதுதான்.

இலோகோஸ்

இலோகோஸின் விகான் நகரம் மணிலாவிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். பேருந்தில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. லாவோவாக் வரை விமானத்தில் போய் அங்கிருந்து தெற்கே சாலையில் இரண்டு மணி நேரம் வரலாம். பாகற்காய், கத்திரிக்காய், வெண்டைக்காய், தக்காளியை மீன் விழுதில் வேகவைக்கும் பினாக்பெத் இந்த வட்டாரத்தின் முகம். குலுக்கி வேகவைப்பார்களே தவிரக் கிளற மாட்டார்கள், அதனால் பாகற்காயின் கசப்பு மற்றக் காய்களுக்கு இறங்காது. முருங்கைக் கீரையும் வழவழப்பான சாலுயோத் கீரையும் சாதாரணமாகப் புழங்கும்.

விகான் எம்பனாதாவைப் பிளாசா புர்கோஸ் கடைகளில் நின்றபடி சாப்பிட வேண்டும். அரிசிமாவு அப்பளமாகத் தட்டி, காய்த்துருவலும் முட்டையும் பூண்டு வாசம் வீசும் லொங்கனிசா எனும் பன்றித் தொத்திறைச்சியும் வைத்து மடித்துப் பொரிக்கிறார்கள். பன்றி வேண்டாம் என்பவர்கள் லொங்கனிசா இல்லாமல், முட்டை மட்டும் வைத்துத் தரச் சொல்லலாம். கண்ணெதிரே செய்வதால் இங்கே அது நடக்கும். கரும்புக் காடியை உள்ளே ஊற்றிச் சாப்பிட வேண்டும், அது இல்லாமல் திகட்டும். பாத்தாக் ஊர் வகையில் பாசிப்பயறும் சேரும், நிறமும் அடர்ந்த ஆரஞ்சு.

பாதையின் தூரம்தான் இலோகோஸைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஊரைப் பார்க்கவும் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு.

மணிலாவின் ஒரு நாள்

சனிக்கிழமை விழும்படி பயணத்தை அமைத்தால் மகாட்டியின் சல்செடோ சந்தை. காலையில் தொடங்கி மதியத்தோடு முடிந்துவிடும். பல வட்டாரப் பண்டங்களைச் சிறிது சிறிதாக ருசித்து, எந்த ஊர் என்று இன்னும் முடிவெடுக்காதவர்கள் அங்கேயே முடிவெடுக்கலாம். மற்ற நாளென்றால் 1594இல் உருவான சீனர் குடியிருப்பான பினோந்தோவும், ஆற்றைத் தாண்டாமலே நடந்து போகக்கூடிய கியாப்போவும். மிஷலின் கையேட்டின் முதல் பிலிப்பைன்ஸ் பதிப்பு 2025இல் வந்தது. டோயோ ஈட்டரி, ஹாபாக் போன்ற நட்சத்திரம் பெற்ற இடங்களுக்குச் சில வாரங்கள் முன்பே பதிவு செய்ய வேண்டும். வட்டாரச் சமையல் தெரிந்தபின் அங்கே போனால்தான் அவர்கள் எதை மாற்றியிருக்கிறார்கள் என்று புரியும். ஆகவே அதைப் பயணத்தின் கடைசி இரவுக்கு வையுங்கள்.

கடையில் உட்காரும்போது

கரிந்தேரியா எனும் சாப்பாட்டுக் கடைகளில் பாத்திரங்கள் வரிசையாக மூடியிருக்கும். மூடியைத் திறந்து பார்ப்பது மரியாதைக் குறைவில்லை. காலையில் சமைத்ததை நாள் முழுக்க விற்பார்கள். பதினொன்றரை மணிக்குப் போனால் எல்லாம் இருக்கும், சூடாகவும் இருக்கும். இரண்டு மணிக்கு மேல் மிஞ்சிய குழம்பு ஆறி, கொழுப்பு மேலே நின்றிருக்கும். வயிறு கெடுவதும் பெரும்பாலும் அந்த நேரத்துச் சாப்பாட்டில்தான். சோறு கப் கணக்கு, குழம்பு தனி விலை, தொட்டுக்கொள்ளும் காடியும் சோயாவும் மிளகாயும் மேசையில் இலவசம். உப்போ காரமோ குறைவென்று சமையல்காரரிடம் சொல்வது அங்கே வழக்கமில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கிண்ணம். புனித வெள்ளியன்று பல கடைகள் மூடியிருக்கும்.

நான்கு நாளை இலோய்லோவுக்கு ஒதுக்கினால் இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் லா பாஸில் பச்சோய், மாலை மோலோ. இரண்டாம் நாள் மதியம் கே.பி.எல். அல்லது பினாகோல், இரவு அரெவாலோ கடற்கரையில் சிப்பியும் தாத்தோய்ஸ் கடையின் நாட்டுக்கோழி வறுவலும். மூன்றாம் நாள் காலைப் படகில் பாகோலோட், இரவு இனாசல். நான்காம் நாள் சிலாய், அங்கிருந்தே மணிலா விமானம். இலோய்லோவுக்குத் திரும்பி வரும்படி டிக்கெட் எடுத்திருந்தால் கடைசிப் படகின் நேரத்தை முதல் நாளே துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் வேகப்படகு ஓடாது. கடல் கொந்தளித்தால் கடலோரக் காவல்படை பகலிலும் நிறுத்திவிடும்.